சாக்ரடீஸ் எதிர்த்த குலுக்கல்: ஏதென்ஸ் ஏன் சீட்டை நம்பியது?

பாலாற்றங்கரை | 6 ஜனவரி 2024

கிரேக்கத் தத்துவம் என்றால் 'நல்லொழுக்கம் என்பது ஒருவகை அறிவு' என்ற சாக்ரடீஸின் வாதத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அவர் வாழ்ந்த ஊர் அதற்கு நேர் எதிராக நடந்தது. அதிகாரத்தில் யார் உட்காருவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தது. தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேச்சே இல்லை. அவருக்கு மரண தண்டனை கொடுத்த ஜூரியும் குலுக்கலில் வந்த கூட்டம்தான். கப்பல் ஓட்டுகிறவனைச் சீட்டுப் போட்டா எடுப்போம் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை என்பது என் கட்சி. இருந்தால் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் குடவோலையை இங்கே இழுக்க வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடல்நாரை | 6 ஜனவரி, இரவு

அந்தக் கேள்வி, சாக்ரடீஸின் மாணவர் செனபோன் எழுதிய சாக்ரடீஸ் நினைவுகளில் வருகிறது. வருகிற இடத்தைப் பாருங்கள். அதைச் சொல்வது சாக்ரடீஸ் அல்ல, அவர்மேல் குற்றம் சாட்டியவர். அதிகாரிகளை அவரை விதை போட்டு எடுப்பது மடத்தனம், மாலுமியையோ தச்சனையோ குழல் வாசிப்பவனையோ யாரும் அப்படி எடுப்பதில்லை என்று சொல்லிச் சொல்லி இளைஞர்கள் சட்டத்தையே மதிக்காதபடி செய்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. (பழைய நாளில் குலுக்கலுக்கு அவரை விதைதான்.) பேச்சுக்கலை பற்றி எழுதும்போது அரிஸ்டாட்டிலும், உவமையால் வாதிடுவதற்கு எடுத்துக்காட்டாக இதையே தருகிறார். ஆக, வாதம் சாக்ரடீஸுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஏதென்ஸ் மாலுமியைக் குலுக்கலில் எடுக்கவில்லையே. படைத்தலைவர்கள் பத்துப் பேரும் ஆண்டுதோறும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். திரும்பத் திரும்ப நிற்கலாம். ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளிஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் வந்தார் என்று பிற்கால வரலாற்றாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் படைநிதிப் பொருளாளர், விழாநிதி நிர்வாகிகள், நீரூற்று மேற்பார்வையாளர் ஆகியோரும் தேர்தலில்தான் வந்தார்கள்.

குலுக்கலில் வந்தவர்கள் செய்த வேலை வேறு மாதிரி. சந்தையில் கலப்படம் பார்ப்பது. எடைக்கல்லும் படியும் சரியா என்று பார்ப்பது. வாற்கோதுமை விலைக்கு ஏற்ற விலையில் மாவு விற்கிறானா, கோதுமை விலைக்கு ஏற்ற விலையில் ரொட்டி விற்கிறானா என்று பார்ப்பது. கழிவு அள்ளுகிறவர்கள் மதிலிலிருந்து பத்து ஸ்டேடியாவுக்குள், அதாவது சுமார் 1.8 கி.மீ.க்குள், கொட்டாமல் பார்ப்பது. இதற்கெல்லாம் தனித் திறமை வேண்டாம். கை நீட்டாத ஆள் வேண்டும். அதுவும் ஒருவர் இல்லை, பெரும்பாலும் பத்துப் பேர் கொண்ட குழு.

பொதிகை | 7 ஜனவரி

நீரூற்றுக்குத் தேர்தலா! இது எனக்குப் புதிது. ரொட்டி விலைக்குக் குலுக்கல், தண்ணீருக்குத் தேர்தல்.

கடல்நாரை | 7 ஜனவரி

ஆமாம். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா மழை குறைந்த பூமி. கோடையில் ஆறு வற்றிவிடும், ஊரே கிணற்றையும் ஊற்றையும் நம்பி இருக்கும். குழாய் வரிசையில் எங்கே உடைப்பு, எந்தத் தொட்டியைத் தூர் வார வேண்டும் என்று தெரியாத ஆள் அங்கே உட்கார்ந்தால் ஓர் ஆண்டு முழுக்கப் போய்விடும். சாக்ரடீஸின் கேள்வியை ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுவிட்டது என்பதற்கு இந்த ஒரு பதவியே எனக்குப் போதும்.

பாலாற்றங்கரை | 8 ஜனவரி

சரி, அதிகாரிகளை விடுங்கள். நீதிமன்றம்? ஓர் உயிரை எடுக்கலாமா என்று முடிவு செய்ய ஐந்நூறு பேரைச் சீட்டில் பொறுக்குவது எப்படி நியாயம்? குலுக்கல் என்றால் குடத்தில் கைவிட்டு எடுப்பதுதானே, அதில் தத்துவம் எங்கே இருக்கிறது?

கடல்நாரை | 9 ஜனவரி

குடத்தில் கைவிட்டு எடுப்பது அல்ல. அந்த ஏற்பாட்டை ஒருமுறை அடி முதல் முடி வரை பார்த்தால் இந்தக் கேள்வியே மாறிவிடும், அதனால் நீளமாக எழுதுகிறேன். அடிப்படை, அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்ட ஏதென்ஸ் அரசமைப்பு நூல். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல் அச்சேறியது. பண்ணைக் கணக்கு எழுதிய சுருளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் கடைசிப் பகுதி முழுக்க நீதிமன்றக் குலுக்கல்தான்.

ஆட்கள்: முப்பது வயது நிறைந்த ஆண் குடிமகன், அரசுக்குக் கடன் பாக்கி இல்லாதவன். ஆளுக்கொரு பெயர்த்தகடு. அதில் தன் பெயர், தந்தை பெயர், ஊர், கூடவே கிரேக்க நெடுங்கணக்கின் முதல் பத்து எழுத்துகளில் ஒன்று. அந்நூல் எழுதப்பட்ட காலத்தில் தகடு மரம். அதற்கு முன் வெண்கலம், சுமார் 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். பல தகடுகள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. பழைய பெயரைத் தட்டி அழித்துவிட்டு அடுத்தவன் பெயரைப் பொறித்த தடயம் சிலவற்றில் இருக்கிறது.

இடம்: நீதிமன்ற வளாகத்துக்குப் பத்து வாசல், குலத்துக்கு ஒன்று. குலம் என்றதும் பிறப்பு வழிச் சாதிபோல எண்ண வேண்டாம். கி.மு. 508-ஐ ஒட்டி கிளெய்ஸ்தனிஸ் என்ற சீர்திருத்தத் தலைவர் கடற்கரை, நகரம், உள்நாடு மூன்றையும் கலந்து போட்டு உருவாக்கிய பத்துப் பிரிவுகள். வாசலுக்கு வாசல் பத்துப் பெட்டி, இரண்டு குலுக்கல் கல். இந்தக் கல்லுக்குக் கிளேரோடேரியான் என்று பெயர். ஆள் உயரப் பலகைக் கல். முகப்பில் நெடுக்காக ஐந்து நிரல், நிரல் முழுக்கத் தகடு செருகும் மெல்லிய பிளவுகள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு குழாய். குழாய் உலோகம் என்பதால் மிஞ்சவில்லை, அது உட்கார்ந்த பள்ளம் கல்லில் தெரிகிறது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவின் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. இந்தக் கற்கள் என்னவென்று 1930-களில்தான் ஆய்வாளர் ஸ்டெர்லிங் டவ் அடையாளம் கண்டார்.

வேலை நடக்கும் விதம்: வருகிறவன் தன் எழுத்து உள்ள பெட்டியில் தகட்டைப் போடுகிறான். பணியாள் பெட்டியைக் குலுக்குகிறான். பொறுப்பதிகாரி ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு தகட்டை எடுக்கிறார். எவன் தகடு வந்ததோ அவனே அந்தப் பெட்டியின் தகடுகளை நிரலில் மேலிருந்து செருக வேண்டும். ஒரே ஆள் தினமும் செருகினால் மோசடி செய்வான், அதனால் செருகுகிறவனும் குலுக்கலில் என்று நூலே காரணம் சொல்கிறது.

நிரல்கள் நிரம்பியதும் வெள்ளையும் கறுப்புமான காய்களைக் குழாயில் கொட்டுகிறார்கள். ஐந்து பேருக்கு ஒரு வெள்ளை என்று கணக்கு. முதல் காய் வெள்ளையாக விழுந்தால் மேல் வரிசை ஐந்து பேரும் உள்ளே. கறுப்பு என்றால் ஐந்து பேரும் வீட்டுக்கு. அடுத்த காய் இரண்டாம் வரிசைக்கு. ஓர் எண்ணிக்கை பார்க்கலாம். அன்றைக்கு ஐந்நூறு பேர் கொண்ட மூன்று நீதிமன்றம் கூடுகிறது என்றால் குலத்துக்கு 150 பேர் வேண்டும். 30 வெள்ளை, கல்லுக்குப் பதினைந்து. வந்தவர்கள் 200 பேர், பத்து நிரலிலும் சமமாக இருக்கிறார்கள் என்றால் நிரலுக்கு இருபது வரிசை. ஆக, கல்லுக்குப் பதினைந்து வெள்ளை, ஐந்து கறுப்பு.

இதோடு முடியவில்லை. தேர்வானவன் ஒரு சாடியிலிருந்து கொட்டை ஒன்றை எடுக்க வேண்டும். அதில் நீதிமன்றத்தின் எழுத்து இருக்கும். பதினோராம் எழுத்தான லாம்டாவிலிருந்து தொடங்கும், முதல் பத்தும் பெட்டிகளுக்குப் போய்விட்டன அல்லவா. அதை அதிகாரியிடம் தூக்கிக் காட்டினால், அவர் இவன் தகட்டை அந்த எழுத்துள்ள வேறொரு பெட்டியில் போட்டுவிடுவார். பிறகு அந்த நீதிமன்றத்தின் நிறத்தில் ஒரு கோல் கொடுப்பார்கள். வாசல் நிலையிலும் அதே நிறம். வேறு மன்றத்துக்குள் நுழையப் பார்த்தால் கோலின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். எந்த மன்றத்துக்கு எந்த அதிகாரி தலைமை என்பதும் அன்று காலை குலுக்கலில்தான். உள்ளே போன பிறகு, நீர்க்கடிகாரத்தைப் பார்க்க ஒருவர், வாக்கு எண்ண நால்வர், கூலி பட்டுவாடாவுக்கு ஐவர், இவர்களும் குலுக்கல்.

பாலாற்றங்கரை, தத்துவம் எங்கே என்று கேட்டீர்கள். ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட திருட்டை மனத்தில் வைத்து அமைத்தது. 'எல்லோருக்கும் சமமான அறிவு உண்டு' என்ற நம்பிக்கை இதில் எங்கும் இல்லை. 'யாரை வாங்க வேண்டும் என்பது வாங்க நினைப்பவனுக்குத் தெரியக் கூடாது' என்பதே இதன் உள்ளீடு.

பொதிகை | 9 ஜனவரி, இரவு

அற்புதம். ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கிறேன். இந்த முழு ஏற்பாடும் கி.மு. 330-320 வாக்கில் இருந்த நிலை. சாக்ரடீஸ் வழக்கு கி.மு. 399. அப்போது இவ்வளவு நுணுக்கம் வந்திருக்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவரை விசாரித்தவர்கள் இதே கல்லிலிருந்து வந்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடல்நாரை | 10 ஜனவரி

பொதிகை சொன்னதுதான் முக்கியம். ஏன் இவ்வளவு நுணுக்கம் பிறகு வந்தது என்றால், பதிலில் சாக்ரடீஸ் வழக்கின் ஆளே ஒருவர் நிற்கிறார்.

அனிட்டஸ். சாக்ரடீஸ்மேல் வழக்குப் போட்ட மூவரில் செல்வாக்குள்ளவர். கி.மு. 409 வாக்கில் பைலோஸ் கோட்டையைக் காப்பாற்றக் கப்பல்களோடு அனுப்பப்பட்டவர். கோட்டை போனது, அவர்மேல் வழக்கு வந்தது. ஏதென்ஸில் ஒரு ஜூரியை மொத்தமாக விலைக்கு வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்று அதே அரசமைப்பு நூல் பெயர் சொல்லி எழுதுகிறது. பத்தாண்டு கழித்து இவர்தான், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று சாக்ரடீஸை நீதிமன்றத்துக்கு இழுக்கிறார்.

கொட்டை, நிறக்கோல், இரட்டைப் பெட்டி எல்லாம் இப்படிப்பட்ட ஆட்களைத் தடுக்க வந்தவை. ஆண்டுக்கு ஆறாயிரம் பேர் பட்டியலில் இருப்பார்கள். அதில் எந்த ஐந்நூறு பேர் எந்த வழக்குக்கு என்பது சூரியன் உதித்த பிறகுதான் தெரியும். முந்திய இரவு பணமூட்டையோடு எந்தக் கதவைத் தட்டுவது?

பதவிக் குலுக்கலிலும் இப்படி ஓர் ஓட்டை இருந்தது. சில பதவிகளை ஏதென்ஸுக்குள் அடங்கிய சிற்றூர்களுக்கு ஊர் ஊராகப் பிரித்துக் குலுக்கினார்கள். ஊர் சின்னது, எல்லோரும் தெரிந்தவர்கள், அதனால் ஊரார் பதவியை விற்கத் தொடங்கினார்கள். உடனே அவற்றை ஊர் மட்டத்திலிருந்து எடுத்துக் குல மட்டத்துக்கு மாற்றினார்கள். குலுக்குகிற வட்டம் சிறியதாக இருந்தால் குலுக்கலும் கெடும்.

பாலாற்றங்கரை | 11 ஜனவரி

அனிட்டஸ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் என் வாதம் அப்படியே நிற்கிறது. ஊழலைத் தடுத்தார்கள், சரி. முட்டாள்தனத்தைத் தடுத்தார்களா? சாக்ரடீஸ் விஷயத்தில் இல்லையே.

கடல்நாரை | 11 ஜனவரி

அந்த வழக்கின் எண்ணிக்கையையே பார்த்துவிடலாம். முப்பது வாக்கு மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று பிளேட்டோ எழுதிய வாதுரையில் சாக்ரடீஸ் சொல்கிறார். ஜூரி ஐந்நூறு என்று வைத்தால் 280-க்கு 220. சமமாக விழுந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கே வெற்றி என்பது விதி. இன்னொன்றும் சொல்கிறார்: வழக்குப் போட்டவர்கள் மூவர், 280-ஐ மூன்றாகப் பிரித்தால் அவர்களில் ஒருவரான மெலிட்டஸ் பங்குக்கு நூறுகூட வராது. மொத்த வாக்கில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காத வழக்காளி ஆயிரம் டிராக்மா (கிரேக்க வெள்ளிப் பணம்) அபராதம் கட்ட வேண்டும். பொழுதுபோக்குக்கு வழக்குப் போடுகிறவர்களை அடக்க வைத்திருந்த விதி அது.

பிறகு தண்டனைச் சுற்று. வழக்காளி ஒன்று சொல்வார், குற்றவாளி ஒன்று சொல்வார், ஜூரி இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும், நடுவே வேறொன்றைத் தானாக வகுக்க முடியாது. மெலிட்டஸ் மரணம் கேட்டார். சாக்ரடீஸ் முதலில் ஊர்ச் செலவில் தனக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார், பிறகு ஒரு மினா (நூறு டிராக்மா) அபராதம், பிறகு பிளேட்டோவும் கிரிட்டோவும் மற்றவர்களும் பொறுப்பேற்க முப்பது மினா. என் கண்ணில் பழுது இங்கேதான். நாடு கடத்தல் என்று அவர் சொல்லியிருந்தால் ஜூரி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அவர் சொல்லவில்லை, சொல்ல மாட்டார். இரண்டே வழி என்ற அமைப்பு, விட்டுக்கொடுக்காத மனிதர் ஒருவர் வந்தால் மரணத்தில் போய் முடியும்.

கவனிக்க வேண்டியது, அந்த வாதுரையில் அவர் ஜூரி குலுக்கலில் வந்தது என்று குறை சொல்லவே இல்லை. வேறிடங்களில் உள்ளதுபோல மரண தண்டனை வழக்குக்கு ஒரு நாள் போதாது, பல நாள் வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் உங்களை நம்பவைத்திருப்பேன் என்கிறார். அவர் கேட்டது கூடுதல் நேரம்.

பொதிகை | 12 ஜனவரி

நேரம் பற்றி: அகோராவில் கிடைத்த களிமண் நீர்க்கடிகாரம் ஒன்று இரண்டு கூஸ் கொள்ளும், சுமார் 6.4 லிட்டர். அடியில் உள்ள சிறு குழல் வழியாக முழுதும் ஒழுக ஆறு நிமிடம். ஆக ஒரு கூஸுக்கு மூன்று நிமிடம். ஐயாயிரம் டிராக்மாவுக்கு மேற்பட்ட தனியார் வழக்கில் முதல் பேச்சுக்குப் பத்துக் கூஸ், மறுபேச்சுக்கு மூன்று. முப்பது நிமிடமும் ஒன்பது நிமிடமும்தான். சட்டமும் சாட்சியமும் படிக்கும்போது குழலை அடைத்துவிடுவார்கள். சாக்ரடீஸ் வழக்கு பொது வழக்கு, அதற்கு ஒரு பகல் முழுக்க. எப்படி இருந்தாலும் மாலைக்குள் முடிந்தாக வேண்டும்.

கடல்நாரை | 12 ஜனவரி

இன்னொரு குறையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் ஜூரி கூடிப் பேசுவது கிடையாது. நேராக வாக்கு. பிந்திய காலத்தில் ஆளுக்கு இரண்டு வெண்கல வட்டு, நடுவே சிறு அச்சு. ஒன்றின் அச்சு துளை உள்ளது, வழக்காளிக்கு. மற்றதன் அச்சு திடமானது, எதிராளிக்கு. அச்சின் இரு முனையையும் விரலால் பொத்திக்கொண்டு போனால் எது துளை, எது திடம் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கணக்கில் வரும் வட்டை வெண்கலச் சாடியிலும் வேண்டாததை மரச்சாடியிலும் போட வேண்டும். வெண்கலச் சாடியின் மூடியில் ஒரு வட்டு மட்டும் நுழையும் பிளவு. போட்டுவிட்டு வந்தால் மூன்று ஓபல் (அரை டிராக்மா) கூலிக்கான வில்லை கையில் வரும். ஒரு கூலியாளின் நாள் வருமானத்தில் பாதிக்கும் குறைவு.

ரகசியம் காப்பதில் இவ்வளவு அக்கறை. ஆனால் ஐந்நூறு பேரில் ஒருவனுக்குப் புரிந்தது இன்னொருவனுக்குப் போய்ச் சேர வழி வைக்கவில்லை. பாலாற்றங்கரை கேட்ட முட்டாள்தனத்துக்கு எதிரான தடுப்பு இல்லாமல் போனது இங்கே. ஆட்களைப் பொறுக்கிய முறையில் நான் குறை காணவில்லை. பொறுக்கியவர்களை ஊமையாக உட்கார வைத்ததில் காண்கிறேன்.

பொதிகை | 14 ஜனவரி

ஒருவர்கூடச் சொல்லவில்லையே: சாக்ரடீஸும் குலுக்கலில் பதவிக்கு வந்தவர்தான்! கி.மு. 406-இல் ஐந்நூற்றுவர் அவையில் இருந்தார். அந்த அவைக்குக் குலத்துக்கு ஐம்பது பேர், சீட்டில்.

கடல்நாரை | 14 ஜனவரி

அதைத்தான் எழுத வந்தேன். அர்கினூசே கடற்போரில் வென்றுவிட்டு, மூழ்கியவர்களை மீட்காமல் வந்த படைத்தலைவர்கள்மேல் ஊரே கொதித்தது. எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கத் தீர்மானம் வந்தது, சட்டப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். அன்று மக்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முறை சாக்ரடீஸின் குலத்துக்கு. கூட்டத்தின் மிரட்டலுக்கு மற்றவர்கள் பணிந்தார்கள், இவர் மட்டும் முடியாது என்றார். தடுக்க முடியவில்லை. கையில் சிக்கிய ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். தேர்தல் நின்று ஜெயிக்கிற ஆள் இல்லை அவர். குலுக்கல் இல்லாவிட்டால் சட்டம் பேச அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தே இருக்க மாட்டார். கொல்லப்பட்டவர்களோ தேர்தலில் வந்தவர்கள், கொல்லச் சொன்னது குலுக்கல் எதுவும் இல்லாத மக்கள் கூட்டம்.

பாலாற்றங்கரை | 15 ஜனவரி

இது கொஞ்சம் என்னை அசைக்கிறது. அப்படியானால் சாக்ரடீஸின் வாதத்துக்குத் தத்துவ அளவில் அன்றே யாராவது பதில் சொன்னார்களா? நடைமுறையை விடுங்கள்.

கடல்நாரை | 16 ஜனவரி

இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் புரோட்டகோரஸ் என்ற பேராசிரியர், பிளேட்டோவே அவர் வாயில் வைத்த கதை. கட்டடம் பற்றிப் பேச்சு வந்தால் கொத்தனைக் கூப்பிடுகிறார்கள், கப்பல் என்றால் கப்பல் கட்டுகிறவனை. ஊர் நடப்பு என்றால் மட்டும் கொல்லன், செருப்புத் தைப்பவன், வணிகன் யார் எழுந்தாலும் ஏன் கேட்கிறார்கள் என்று சாக்ரடீஸ் அவரை மடக்குகிறார். மருத்துவத்தை ஒருவனுக்குக் கொடுத்தால் பலருக்குப் போதும், ஆனால் நாணமும் நீதியும் சிலருக்கு மட்டும் இருந்தால் ஊரே நிற்காது, அதனால் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடு என்று கடவுள் ஸியூஸ் தன் தூதுவன் ஹெர்மிஸிடம் சொன்னதாக அவர் பதில் போகிறது. யாருக்கும் பிறவியிலேயே முழுசாக வந்துவிடுகிறது என்று அவர் சொல்லவில்லை. தாய், செவிலி, ஆசிரியர், சட்டம் எல்லாம் சேர்ந்து வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொடுக்கின்றன என்கிறார்.

மற்றவர் அரிஸ்டாட்டில். எனக்கு இவர் பதில்தான் உறுதியானது. பலர் ஆளுக்கொன்று கொண்டுவரும் விருந்து, ஒருவர் செலவில் நடக்கும் விருந்தைவிட நன்றாக அமையும் என்கிறார். அதைவிடக் கூர்மையானது அடுத்த வாதம்: வீட்டைப் பற்றித் தீர்ப்பளிக்கக் கட்டியவனைவிடக் குடியிருப்பவன் தகுதியானவன், சுக்கானைப் பற்றித் தச்சனைவிட மாலுமி, சாப்பாட்டைப் பற்றிச் சமையல்காரனைவிடச் சாப்பிடுகிறவன். சாக்ரடீஸ் எந்த மாலுமியை வைத்துக் கேட்டாரோ அதே மாலுமியை எடுத்துத் திருப்பிப் போடுகிறார். ஆட்சியில் செய்கிற வேலை ஒன்று, செய்ததைத் தீர்மானிக்கிற வேலை இன்னொன்று. இரண்டாவதற்குக் குடிமகன் போதும்.

நிபந்தனை இல்லாமல் சொல்லவில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் இது பொருந்திவிடாது, மிகவும் தாழ்ந்துபோன கூட்டமாக இருக்கக் கூடாது என்கிறார். உயர்ந்த பதவிகளை அந்தக் கூட்டத்தில் எவனிடமும் தனியாகக் கொடுப்பது ஆபத்து என்றும் சொல்கிறார். பதவியைச் சீட்டில் கொடுப்பது மக்களாட்சிக்கு உரியது, தேர்தலில் கொடுப்பது சிலராட்சிக்கு உரியது என்ற அவர் வரியை இன்றைக்குப் படிக்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். அவர் காலத்தில் அது சாதாரணக் கருத்து.

பொதிகை | 16 ஜனவரி

திடுக்கிட ஒன்றுமில்லை. தேர்தலில் பேர் பெற்றவன், பணம் உள்ளவன், பேசத் தெரிந்தவன் வருவான். ஆட்சேர்க்கும் கோஷ்டி வேலையும் கூடவே வரும். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 பானை ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர். அவரைப் பத்தாண்டு ஊரைவிட்டு அனுப்பும் வாக்கெடுப்புக்கு யாரோ முன்கூட்டியே எழுதி விநியோகிக்க வைத்திருந்தது. குலுக்கலில் இந்த வேலைக்கு இடமே இல்லை.

கடல்நாரை | 18 ஜனவரி

குலுக்கலுக்கு எதிரான பலமான சான்று ஒன்றையும் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் பேசியதாக ஆகும். கி.மு. 487 வரை ஊரின் தலைமை அதிகாரிகளான ஆர்க்கான்கள் தேர்தலில் வந்தார்கள், தெமிஸ்டோக்ளிஸ் அப்படி வந்தவர். அந்த ஆண்டிலிருந்து முன்தேர்வு செய்த பட்டியலில் குலுக்கல். விளைவு, ஆர்க்கான் பதவியின் செல்வாக்கு குறைந்துவிட்டது. உண்மையான அதிகாரம் தேர்தலில் வந்த படைத்தலைவர்களிடம் நகர்ந்துவிட்டது. குலுக்கல் பதவியைத் திருடனிடமிருந்து காப்பாற்றியது, கூடவே அதன் கனத்தையும் குறைத்தது. போர்க்காலத்தில் யார் பேச்சு எடுபட்டது என்றால் பெரிக்ளிஸ், நிசியாஸ், அல்கிபியடிஸ்.

குலுக்கலில் வந்தவனைச் சும்மா விடவும் இல்லை. பதவி ஏற்குமுன் விசாரணை: தந்தை யார், எந்த ஊர், தாயின் தந்தை யார், குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா. திறமை பற்றி ஒரு கேள்வி இல்லை. சாக்ரடீஸ் கோபப்பட்டிருப்பார். ஆனால் பெற்றோரை எப்படி நடத்துகிறான் என்பதைப் பதவிக்கு நிபந்தனையாக்கிய ஊர் அது, நல்லொழுக்கத்தைப் பேச்சோடு விட்டுவிடவில்லை. ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைப்பு. கையாடலோ லஞ்சமோ உறுதியானால் பத்து மடங்கு கட்ட வேண்டும், நிர்வாகத் தவறு என்றால் ஒரு மடங்கு. நேர்மைக்கேட்டுக்கும் நிர்வாகத் தவறுக்கும் அபராதத்திலேயே வித்தியாசம் வைத்திருந்தார்கள்.

பாலாற்றங்கரை | 19 ஜனவரி

பெண்கள், அடிமைகள், வெளியூரார் யாரும் இந்தத் தகடு வைத்துக்கொள்ள முடியாது என்பதை யாரும் எழுதவில்லையே. 'எல்லோரும்' என்ற சொல்லைத் தாராளமாகப் போடுகிறீர்கள்.

கடல்நாரை | 19 ஜனவரி

சரியான இடத்தில் நிறுத்தினீர்கள். அரிஸ்டாட்டிலே அந்த வெளியூரார் பட்டியலில் இருந்தவர். ஸ்டகிராவில் பிறந்தவர், ஏதென்ஸில் குடியேறியவர். சாப்பிடுகிறவன்தான் சாப்பாட்டுக்கு நீதிபதி என்று எழுதியவருக்கு அந்த ஊரில் ஒரு வாக்கு வட்டுகூடக் கிடையாது. அடிமை முறை சிலருக்கு இயற்கை என்று எழுதியவரும் அவரே. அந்த இடத்தில் அவர் வாதம் எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல, அதைப் பூசி மெழுக முடியாது. கி.மு. 322-இல் மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டர் இரண்டாயிரம் டிராக்மா சொத்து இல்லாதவர்களின் குடியுரிமையைப் பறித்தார். ஏழைக் குடிமகனும் பெட்டிக்கு வெளியே போனான். அரிஸ்டாட்டில் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

பொதிகை | 21 ஜனவரி

இதை மாணவர்களுக்குச் செய்து காட்டுவது எப்படி? கல்லுக்குப் பதில் தெர்மகோல் போதுமா?

கடல்நாரை | 21 ஜனவரி

தாராளமாக. தெர்மகோலில் ஐந்து நிரல், நிரலுக்குப் பன்னிரண்டு பிளவு. பக்கத்தில் பி.வி.சி. குழாய், கோலிக்குண்டு ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் இறங்கும் அகலம். இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்க இடம் இருந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். வெள்ளையும் கறுப்பும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுக் குண்டு, ஒரு வாளியில் கலக்கி மொத்தமாகக் கொட்டுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் போடுகிறவர் கை வரிசையைத் தீர்மானித்துவிடும்.

தவறு நடக்கும் இடம் நிரல் நீளம். 46 பேர் வந்து நிரல்கள் 10, 10, 9, 9, 8 என்று அமைந்தால் முழு வரிசை எட்டுதான் கிடைக்கும். மிச்சம் உள்ள ஆறு பேர் காய் விழாமலே வெளியே போவார்கள். 25 ஜூரி வேண்டும் என்றால் ஐந்து வெள்ளை, மூன்று கறுப்பு. பத்து வரிசை என்று நினைத்துப் பத்துக் குண்டு போட்டுவிட்டால் எண்ணிக்கை குறையக்கூடும். அதனால் குட்டையான நிரலைப் பார்த்த பிறகே குண்டை எண்ணுங்கள். அட்டை செருகும் ஆளை ஆசிரியர் நியமிக்கக் கூடாது. பெட்டிக்கு ஓர் அட்டை எடுத்து, எவர் பெயர் வருகிறதோ அவரே செருகட்டும்.